லைன் குடுக்கறேனுங்க

எங்கள் ஆலயத்தில் ஆண்களுக்கென்று இடது பக்கம் நல்ல தேக்குமர பெஞ்சுகள் இருக்கின்றன. உட்காரத்தான் ஆண்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி மக்களை பைக்கில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு, எதிரே இருக்கும் புங்கமரத்தடியில் கூடிவிடுவார்கள். கோழித்தீவனம் என்ன விலை, லாரி டயர் என்ன விலை, கொல்லிமலையில் மழை உண்டா என்று உலகத்து விஷயம் எல்லாம் அங்கே பேசி முடியும். காணிக்கைப் பாட்டுக் கேட்டதும் உள்ளே வந்து, ஆசீர்வாதத்தை வாங்கிக்கொண்டு கறிக்கடைக்குக் கிளம்பிவிடுவார்கள்.

இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என் பெயர் எப்சிபா. சேந்தமங்கலத்தில் இந்த ஆலயத்தின் ஞாயிறு பள்ளியை நான்தான் நடத்துகிறேன். பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக் கொடுப்பதும் நாங்கள், காலையில் எழுப்பி இழுத்து வருவதும் நாங்கள், பேர் மட்டும் வீட்டுத் தலைவர் என்று அவர்களுக்கு.

புதிதாக வந்த ஆயர் ஆனந்தகுமாரும் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சின்ன வயசு, மெதுவான பேச்சு. சரி, இவரும் வாயில்லாப் பூச்சிதான் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். ஈஸ்டர் கழிந்த மறு ஞாயிறு பிரசங்க பீடத்தில் நின்று அவர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"மே மாசக் கடைசியில திடப்படுத்தல் கொடுக்கப் பேராயர் வர்றாங்க. அதுக்கு முந்தின ஞாயிறு, திடப்படுத்தல் எடுக்கிற ஒவ்வொரு பிள்ளையோட தலையிலயும் அவங்க அப்பா கை வச்சு, வாய் திறந்து ஜெபம் பண்ணணும். அம்மாமாருங்க வேண்டாம். நீங்க இதுவரைக்கும் பண்ணினதே போதும். அப்பா இல்லாத பிள்ளைங்களுக்குத் தாத்தாவோ மாமாவோ பண்ணலாம்."

கைக்குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள், வளர்ந்த பிறகு தாங்களே எழுந்து நின்று 'இது என் விசுவாசம்' என்று சொல்வதுதான் திடப்படுத்தல். எங்கள் வீடுகளில் கல்யாணத்துக்கு அடுத்த பெரிய நாள் அது. அன்று புங்கமரத்தடியில் டயர் விலை பேச ஆளில்லை. லாரிப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் மட்டும் ஆயரைத் தனியாகப் பிடித்து, "மனசுக்குள்ளயே பண்ணிக்கிட்டா ஆகாதுங்களா?" என்று கேட்டுப் பார்த்தார். ஆகாது என்றுவிட்டார் ஆயர். எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் என் தலையில் இடி விழுந்தது. என் மகள் கயல்விழியும் இந்த வருடம் திடப்படுத்தல் எடுக்கிறாள். அவளுக்கும் ஓர் அப்பா இருக்கிறார். அவர் புங்கமரத்தடியில்கூட நிற்பதில்லை. சத்தீஸ்கரில் ஏதோ ஒரு காட்டில் நிற்கிறார்.

என் வீட்டுக்காரர் மதியழகன் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் மேனேஜர். போர்வெல் போடும் வேலை. மழைக்காலம் தவிர மற்ற மாதமெல்லாம் வடக்கேதான். எங்கள் கல்யாணமே ஒரு போர்வெல்லில்தான் தொடங்கியது. இந்த ஆலய வளாகத்தில் போர் போட வந்தவர், தண்ணீர் காட்டிவிட்டுப் போகும்போது என் மனசையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை என்று எங்கள் அப்பா அப்போது சொன்னார். ராசிபுரத்துப் பக்கம் இந்துக் குடும்பத்துப் பிள்ளை. ஒரு வருடம் யோசித்து, தானாக விரும்பி ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார். ஆனாலும் ஜெபக் கூட்டத்தில் வாய் திறந்து ஒரு வார்த்தை அவர் பேசி யாரும் கேட்டதில்லை. யாராவது "ஜெபம் பண்ணுங்க" என்றால், தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து போய்விடுவார்.

எங்கள் அப்பா ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், சபை மூப்பர். எட்டு வயதில் எனக்கு விசுவாசப் பிரமாணம் தலைகீழாகத் தெரியும் என்றால் அது அவர் போட்ட போடு. காலை ஐந்து மணிக் குடும்ப ஜெபத்தில் ஆட்சியாளர்களுக்காக, ஊழியர்களுக்காக, நோயாளிகளுக்காக, கடலில் பயணம் செய்கிறவர்களுக்காக எல்லாம் ஜெபிப்பார். கடைசியில் "எங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதியும்" என்று ஒரு வரி வரும். அந்த வரியில் நான் இருக்கிறேன் என்று நானே எண்ணிக்கொள்வேன். அப்பேர்ப்பட்டவர் என் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு தடவை சொன்னது இது: "மாப்பிள்ள நல்ல மனுசந்தான். ஆனா பேருக்குக் கிறிஸ்தவன்." பதிலுக்குக் காபி டம்ளரை அவர் முன்னால் நங்கென்று வைத்தேன்.

சாயங்காலம் அப்பா வந்தார். "மாப்பிள்ள சீசனை உட்டுப்போட்டு எங்க வாரது? தாத்தா பண்ணலாம்னு ஆயரே சொல்லிட்டாரே. நான் பண்றேன்" என்றார். குரலில் ஆவல் தெரிந்தது. எனக்கும் அப்பாடா என்றிருந்தது. ஊர் மெச்ச ஒரு ஜெபம், சிரமமில்லாமல் முடிந்துவிடும்.

கயல் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடினாள். "அப்பா இல்லாத பிள்ளைங்களுக்குத்தானுங்க தாத்தா. எனக்குத்தான் அப்பா இருக்கறாரே. அவரு வரலீன்னா நான் அடுத்த வருசம் எடுத்துக்கறேன்."

"உங்கப்பா வந்தா மட்டும் வாயத் தொறந்துருவாராக்கும்?" என்று நான் கத்தினேன்.

"தொறப்பாரும்மா."

"எனக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமாடி?"

போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டாள். தினமும் நடப்பதுதான் அது. ஏழு மணிக்கு நான் நடத்தும் குடும்ப ஜெபத்தில் கொட்டாவி விடுவாள். முடிந்ததும் போனோடு மாடிக்கு ஓடி, கதவைச் சாத்திக்கொண்டு அப்பாவோடு பேசுவாள். என்ன பேசினாய் என்று கேட்டால் "சும்மா" என்பாள். இதில் ஒரு வேடிக்கை, காட்டில் டவர் கிடைக்காமல் அவர் போன் எடுக்காத நாளிலும் அவள் மாடிக்குப் போவாள். போனைக் கீழேயே வைத்துவிட்டுப் போவாள். கேட்டால், காற்று வாங்கவாம்.

பெண்ணின் பிடிவாதம் அப்பனைக் கொண்டது, கோபம் என்னைக் கொண்டது. அடுத்த வருடம் எடுப்பதாவது! ஊரே கேட்குமே, ஞாயிறு பள்ளி டீச்சர் மகள் ஏன் எடுக்கவில்லை என்று. வாத்தியார் பிள்ளை மக்கு என்ற பழமொழி என் வீட்டிலேயே பலித்துவிடுமே. சரி, வாய் வராத மனுஷனுக்கு நாம்தான் வாயைக் கடன் கொடுக்க வேண்டும் என்று நானே அழகாக ஒரு ஜெபம் தயார் செய்தேன். சமையல்கட்டில் நின்று, நிறுத்தி நிதானமாகப் பேசிப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மனப்பாடம் செய்யுங்கள் என்றேன்.

நாலு நாள் கழித்து ஒப்பித்துக் காட்டக் கூப்பிட்டார். ரிக் ஆட்கள் எல்லோரும் உரக்கத்தான் பேசுவார்கள். கம்ப்ரசர் சத்தத்திலேயே காது பழகிவிட்டதல்லவா, ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, இன்னொரு காதில் போனை வைத்து, அடுத்த மாவட்டத்துக்கே கேட்கும்படி கத்துவார்கள். இவரும் கத்தினார்.

"கிருபை நிறைந்த பரம பிதாவே! இந்தச் சிறு பெண்ணை உம்முடைய பொற்பாதத்தில் தாழ்மையாய் ஒப்புவிக்கிறேன்! சூ, சனியனே, கருவாட்டுச் சட்டிய உருட்டுது பாரு! இவளை ஞானத்தினாலும்..."

"நிறுத்துங்க! அது பூனையை வெரட்டினது!"

"அட, அப்படீங்களா? நானும் எதுக்குடா இதுன்னு நெனச்சேன். நீ சொன்னா எதாச்சும் அர்த்தம் இருக்கும்னு உட்டுட்டேன் எப்சி."

பூனை இல்லாமல் மறுபடியும் பதிவு செய்து அனுப்பினேன்.

லீவுதான் பெரிய மலையாக நின்றது. மே மாதத்தில் ஒரு ரிக் நின்றால் முதலாளிக்கு எத்தனை நஷ்டம் என்று எனக்கே தெரியும். அதைக் கயல் ஒரே போனில் முடித்தாள். முதலாளி குழந்தைவேலை இவர் அண்ணா என்பார், அவள் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவாள். "பெரியப்பா, எங்கப்பா எனக்கு சாமி கும்புட வரோணுங்க" என்றாள்.

"சீசனு நேரத்துல கேக்கறயே கண்ணு. சரி, அனுப்பறேன். ஆனா நானும் வந்து பாப்பேன். எங்கிட்ட டீசலு, ராடுன்னு மட்டும் பேசற உங்கப்பன், சாமிகிட்ட என்னதான் பேசறான்னு கேக்கோணும்" என்றார் குழந்தைவேல்.

அந்த ஞாயிறு காலை சேலம் ஸ்டேஷனில் இறங்கிய என் வீட்டுக்காரரை முதலாளியே காரில் கொண்டுவந்து ஆலய வாசலில் விட்டார். இவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், ஆனால் காதோரம் முடியில் பாறைத்தூள் அப்படியே இருந்தது. "ஜெபம் ஞாபகம் இருக்குதுங்களா?" என்று கேட்டேன். "தண்ணியாட்டம் இருக்குது" என்றார். முகம் மட்டும் காய்ந்து கிடந்தது.

அன்று ஆண்கள் பக்கத்து பெஞ்சுகள் நிறைந்திருந்தன. குழந்தைவேல் கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். எங்கள் அப்பா வழக்கம்போல முதல் வரிசை. லாரிப் பட்டறைக்காரர் முதலில் போய், மகன் தலையில் கை வைத்து, "ஆண்டவரே, பையன நல்லா வச்சுக்கங்க, ஆமென்" என்று ஓடிவந்து வேர்வையைத் துடைத்தார். இன்னும் இரண்டு பேர் மனப்பாடத்தை ஒப்பித்தார்கள். பிறகு கயல் பெயரை ஆயர் அழைத்தார்.

கயல் முழங்கால் போட்டாள். அவர் வலது கையை அவள் தலையில் வைத்தார். கண்ணை மூடினார். ஒன்றும் வரவில்லை. 'கிருபை நிறைந்த, கிருபை நிறைந்த' என்று நான் பெஞ்சிலிருந்தே உதட்டை அசைத்துக் காட்டினேன், கண்ணை மூடியிருந்தவருக்கு அது எப்படித் தெரியும்? அவர் தொண்டையைக் கனைத்தார். இடது கை தானாக மேலே போய் இடது காதைப் பொத்தியது. அந்தக் கை போனதைப் பார்த்தவுடனே நான் பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டேன்.

"அண்ணா! மதி பேசறனுங்க!" என்று கத்தினார்.

கடைசி வரிசையிலிருந்து, தூக்கத்தில் எழுப்பினாலும் வரும் பழக்கத்தில், குழந்தைவேல் குரல் வந்தது: "சொல்லு மதி!"

ஆலயமே வெடித்துச் சிரித்தது. பாடகர் குழுவில் ஒரு பெண் பெஞ்சுக்கு அடியிலேயே போய்விட்டாள். ஆயர்கூட வேதாகமத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். குழந்தைவேல் நாக்கைக் கடித்துக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டார். எங்கள் அப்பா மட்டும் சிரிக்கவில்லை, தலை குனிந்துகொண்டார். என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அவர் கை கயலின் தலையிலிருந்து மெல்ல மேலே எழும்பியது. அவ்வளவுதான், போய்விடப் போகிறார், தண்ணீர் குடிக்கப் போகிறவர்போல இறங்கிப் போய்விடப் போகிறார், என் பெண் எல்லார் முன்பும் வெறுந்தலையோடு முழங்காலில் நிற்கப்போகிறாள். எனக்கும் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது.

கயல் கண்ணைத் திறக்கவில்லை. கையை மட்டும் மேலே நீட்டி, எழும்பிய அந்தக் கையைப் பிடித்து மறுபடியும் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். பிறகு, சிரிப்புக்கு மேலே கேட்கும்படி, அப்பனைப் போலவே உரக்கப் பேசினாள்.

"ஆண்டவருங்களா, கயல் பேசறனுங்க. மொட்டமாடியில இல்லீங்க, இன்னிக்குச் சர்ச்சுல இருக்கறனுங்க. அப்பா வந்துட்டாருங்க. பக்கத்துலதான் நிக்கறாரு. லைன் குடுக்கறேனுங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். தினமும் மாடியில் நடந்தது இதுவா? டவர் இல்லாத நாளில் போனைக் கீழே வைத்துவிட்டுப் போனது, அப்பா இல்லாமல் தனியாகவே இப்படிப் பேசவா? ஏழு மணி ஜெபத்தில் என் முன்னால் கொட்டாவி விட்ட பெண்ணா இவள்?

என் வீட்டுக்காரர் பேச ஆரம்பித்தார். காதைப் பொத்திய கை அப்படியேதான் இருந்தது.

"ஆண்டவருங்களா, மதிங்க. தப்பா கூப்புட்டுட்டனுங்க, மன்னிச்சுக்கங்க. என்ற புள்ள முட்டிபோட்டு இருக்குதுங்க. பதினஞ்சு வயசாச்சு. நான் கூட இருந்தது பாதி நாளுகூட இருக்காதுங்க. மேல்மண்ணு இளசா இருக்கறப்ப கேசிங் பைப்பு எறக்கோணும், இல்லீன்னா குழி சரிஞ்சுரும், அது உங்களுக்கே தெரியுமுங்க. அந்தக் கேசிங்க எறக்குனது நானில்லீங்க. என்ற சம்சாரம் எப்சியும், மாமனாருமுங்க. வசனம் வசனமா எறக்கி வச்சிருக்கறாங்க, ஒரு பக்கம் சரியாது. இனி உள்ள பாறைங்க. அது உங்க வேலைங்க. எத்தன அடி போனாலும் நிறுத்தாதீங்க. நடுவுல தண்ணி வராம வெறும் பாறைப்புகையா வந்தாலும் பயப்படாதேன்னு அவகிட்டச் சொல்லிக்கிட்டே இருங்க. தண்ணி இருக்குதுங்க, எனக்குத் தெரியும். பல நாளு எனக்கே அவதான் லைன் குடுத்திருக்கறாளுங்க. அவ்வளவுதானுங்க. நாளைக்குப் பேசறேன். ஆமென்."

"ஆமென்!" என்று முதலில் சொன்னது குழந்தைவேல். பிறகு ஆலயம் முழுவதும் சொன்னது. போன் பேசும் கதையெல்லாம் எனக்கு அப்புறம்தான் சொன்னார்கள். தினமும் வேலை முடிந்து முதலாளிக்கு நிலவரம் சொல்வாராம்; முதலாளிக்கே சொல்கிறோம், படைத்தவருக்குச் சொல்ல வேண்டாமா என்று, போனை வைத்த பிறகும் காதைப் பொத்தியபடியே பேசிக்கொண்டிருப்பாராம். கயல் பள்ளிக்கூடம் மாறிப் பயந்து அழுத ஒரு சமயம், அழாதே கண்ணு, வா சேர்ந்து சொல்லலாம் என்று தொடங்கியதாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று எகிறினேன். "நீ தப்பு திருத்துவியே எப்சி" என்றார்.

அப்போது, ஆலயத்தில், எல்லாப் பிள்ளைகளும் முடிந்த பிறகு ஆயர், "வேற யாராச்சும் அப்பா பாக்கி இருக்கீங்களா?" என்று கேட்டார். சம்பிரதாயத்துக்குக் கேட்டதுதான். முதல் வரிசையில் எங்கள் அப்பா எழுந்தார்.

ஜெபத்தைத் திருத்தப் போகிறார் என்று நினைத்தேன். மாப்பிள்ளை பேசியது முறையில்லை என்று சபை முன்னால் சொல்லிவிடப் போகிறார் என்று பயந்தேன். அவர் பீடத்துக்குப் போகவில்லை. நடுவழியாக நடந்து, பெண்கள் பக்கம் திரும்பி, என் பெஞ்சுக்கு வந்து நின்றார். என் தலையில் கை வைத்தார். இந்த நாற்பது வயதுத் தலையில்.

"சர்வ வல்லமையும் மாட்சிமையும் பொருந்திய..." என்று தொடங்கினார். தலைமை ஆசிரியர் குரல். அது பாதியில் நின்றுவிட்டது.

"ஆண்டவருங்களா" என்றார் மறுபடியும். அவர் வாயில் இந்த ஊர்ப் பேச்சில் ஜெபம் வந்து நான் கேட்டதே இல்லை. "இது என்ற புள்ள எப்சிங்க. கடல்ல போறவங்களுக்கெல்லாம் உங்ககிட்டக் கேட்டிருக்கறேன். இவளப் பேரு சொல்லி ஒருக்காக்கூடக் கேக்கலீங்க. கோவக்காரி. அது அவ தப்பில்லீங்க, எங்கிட்டயிருந்து போனது. நல்ல புள்ளைங்க. என்ற மாப்பிள்ளையும் நல்ல..." அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

என் கண்ணீர் மடியில் இருந்த வேதாகமத்தில் சொட்டியது. ஆண்கள் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா கூச்சத்தோடு கையை எடுக்கப் போனார்.

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். "கைய எடுக்காதீங்கப்பா" என்றேன். "இன்னும் நீங்க ஆமென் சொல்லலீங்க."